மரக்குதிரை மேல் வெர்ன் டகெட்

சேணத்தில் ஏறுவதற்கு முன்னால் வெர்ன் டகெட் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்கிறார். வயிறு எங்கோ போய் ஒளிந்துகொள்கிறது. காலைத் தூக்கிப் போட்டு உட்காருகிறார். கால் வைக்கும் அங்கவடிகளில் எழுந்து நிற்கிறார், மறுபடி உட்காருகிறார், முன்னால் இருக்கும் கொம்பை ஒருமுறை தட்டுகிறார். "நல்லா இருக்கு" என்கிறார், இழுத்த மூச்சை விடாமலே. இறங்கின பிறகுதான் மூச்சு வெளியே வருகிறது. கூடவே வயிறும்.

அவர் இப்படி ஏறி இறங்குவது குதிரை மேல் அல்ல. என் அம்மாவின் கடையில் வரிசையாக நிற்கும் மரக்குதிரைகள் மேல். அவற்றுக்குத் தலையும் வாலும் கிடையாது. ஒரு நடுத்தரக் குதிரையின் முதுகளவுக்கு இழைத்த கட்டை, நாலு கால், அவ்வளவுதான். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சேணம் இருக்கும். கிழக்கு ஓரிகனில் ஹார்ட்லி என்கிற எங்கள் ஊரில், சனிக்கிழமைக் காலையில் வேலை இல்லாத ஆண்கள் இந்தக் கடைக்கு வந்து, ஒன்றிரண்டு சேணங்களில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஒரு தோல்வாரோ குளம்புக்குப் பூசும் எண்ணெயோ வாங்கிக்கொண்டு போவார்கள். உட்காருவதற்கு முன்னால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்கிற ஒரே ஆள் வெர்ன்தான். தனக்குச் சொந்தமில்லாத சேணத்தில் தொப்பியோடு உட்காருவது அவருக்கு மரியாதையாகப் படவில்லை.

ஐம்பத்தெட்டு வயது. உயரம். கால்கள் இரண்டும் வேலிக்கம்பு மாதிரி மெலிந்தவை. வயிறு மட்டும் பிற்பாடு வந்து சேர்ந்து, திரும்பிப் போக மறந்துவிட்ட விருந்தாளி. நாற்காலியில் உட்காரத் தெரியாதவர். விளிம்பில் தொற்றிக்கொண்டு, இப்போதே எழுந்துவிடுவேன் என்று நாற்காலிக்கு வாக்குக் கொடுத்தவர் போல இருப்பார். குதிரை மேல் ஏறினால் அதே உடம்பு வேறு ஆளாகிவிடும். பல் இடுக்கில் ராகமில்லாத ஒரு விசில் வைத்திருக்கிறார். அது கேட்டால் ஏணிப் பண்ணை மாடுகள் கத்தாமல் எழுந்து நடக்கத் தொடங்கும். மாடுகளின் இடது விலாவில் ஏணி போல முத்திரை போட்டிருப்பதால் அது ஏணிப் பண்ணை. வெர்ன் அங்கே குதிரைக்காரர். வேறு எங்கேயும் வேலை பார்த்ததில்லை.

பல வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இந்தக் கோடையில்தான் நான் திரும்பி வந்தேன். ஊரில் எல்லோரும், அங்கெல்லாம் என்ன சாப்பிட்டாய், யாரையாவது கட்டிக்கொண்டாயா என்று கேட்டார்கள். வெர்ன் மட்டும், "அங்கல்லாம் சேணத்துல கொம்பு வெக்கிறாங்களா?" என்று கேட்டார். பெரும்பாலும் இல்லை என்றேன்.

"அப்ப மாட்டப் புடிச்ச கயித்த எதுல சுத்துவாங்க?"

பல நாடுகளில் கயிறு வீசுவதே இல்லை என்றேன். அந்த நாடுகளைப் பற்றி அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. அவற்றுக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார் என்று மட்டும் தெரிந்தது.

வலி என்கிற சொல் வெர்னிடம் கிடையாது. அவருடைய உடம்பின் பாகங்கள் எல்லாம் பேசும். "முட்டி இன்னிக்கு கொஞ்சம் பேசுது" என்றால் படி ஏற முடியவில்லை என்று அர்த்தம். கன்று ஈன்ற பசு ஒன்று அவரை வேலியோடு வைத்து அழுத்தி விலா எலும்பு முறிந்தபோது, "இது கொஞ்சம் சத்தமாவே பேசுது" என்றாராம். அவர் மனைவி லொரெட்டாவுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. "எங்கிட்டதான் அந்த ஆளு ஒண்ணும் பேசறதில்ல. உடம்பாவது பேசட்டும்" என்பார்.

வெர்னின் சேணம் வாங்கியது அல்ல, ஜெயித்தது. இருபத்தேழு வயதில், கவுன்டி கண்காட்சியில், கன்றுக்குக் கயிறு வீசும் போட்டியில். இருக்கைக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் பின்மேட்டின் முதுகுப் பக்கம் பூவேலைக்கு நடுவே 'சாம்பியன்' என்று தோலில் செதுக்கியிருக்கும். எங்கள் பக்கத்து ஆண்களிடம் இது ஒரு விசித்திரம். சட்டை வாங்கும்போது தோள் சரியாக இருக்கிறதா என்று கையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறவன், பரிசாக வந்த சேணத்தில் ஆயுள் முழுக்க உட்காருவான். பரிசுச் சேணம் யாருடைய உடம்புக்கும் தைத்ததில்லை. போட்டிக்கு முன்பே செய்து மேடையில் வைத்துவிடுவார்கள். எவன் ஜெயிக்கிறானோ அவன் இடுப்பு அதற்குள் அடங்க வேண்டியதுதான்.

அன்றைக்கு வெர்னின் இடுப்பு அடங்கியது. பதினைந்து அங்குல இருக்கை. முன்மேட்டின் அடியிலிருந்து பின்மேட்டின் விளிம்பு வரை உள்ள தூரம்தான் இருக்கை அளவு. எங்கள் ஊர் ஆண்கள் வயதை மறைக்க மாட்டார்கள், வருமானத்தையும் மறைக்க மாட்டார்கள். இதை மறைப்பார்கள். அம்மா எப்போது கேட்டாலும் வெர்ன் "பதினஞ்சு" என்பார், யோசிக்காமல், பள்ளிக்கூடத்தில் பெயர் சொல்கிற மாதிரி. அம்மாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அப்போது அவர் எவ்வளவு ஒல்லி என்று அம்மாவுக்குத் தெரியும். இப்போது எவ்வளவு என்பதும் கண்ணுக்குத் தெரியும்.

போன ஒரு வருடத்தில் சேணத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வாங்கிப் பார்த்தார். முதலில் இருக்கை மேல் போடும் ஆட்டுத்தோல் உறை. அடுத்தது அகலமான அங்கவடிகள். பிறகு ஜெல் அடைத்த ஒரு மெத்தை. ஊரில் சைக்கிள் ஓட்டுகிற ஒரே ஆளான மருந்துக்கடைக்காரரின் சைக்கிளில் அதைப் பார்த்திருக்கிறார்.

"உறைக்கு மேல மெத்தய போட்டா உள்ள எடம் கொறையுமே தவிர கூடாது வெர்ன்" என்றாள் அம்மா.

"முதுகு பேசுது மேவிஸ். அதுக்குத்தான்."

"முதுகுதானா?"

"முதுகுதான்." தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

செப்டம்பரில் விஷயம் முற்றியது. ஏணிப் பண்ணையை இப்போது நடத்துவது க்ளெய், வெர்னின் அக்கா மகன். கோடை முழுக்க மலை மேல் மேயும் மாடுகளை அக்டோபரில் கீழே ஓட்டி வர வேண்டும். ஒரு வாரம் குதிரை மேலேயே இருக்கிற வேலை. அன்றைக்குக் கடையில் வெர்ன் மரக்குதிரை மேல் மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தபோது க்ளெய் உள்ளே வந்தான்.

"மாமா, இந்த வாட்டி சாப்பாட்டு வண்டிய நீங்க எடுத்துக்கோங்க. ஹீட்டர் இருக்கு, ரேடியோ இருக்கு."

"எனக்கு எதுக்குடா ஹீட்டரு?"

"போன வருஷம் பாதி மலைய நடந்தே எறங்கினீங்க. குதிரைய கைல புடிச்சுக்கிட்டு."

"வேலி பாத்துக்கிட்டு வந்தேன்."

"அங்க வேலியே கெடையாது மாமா."

"அதான் பாத்தேன். எங்கடா காணோமேன்னு."

நான் சிரித்துவிட்டேன். க்ளெய் சிரிக்கவில்லை. கெட்டவன் இல்லை அவன். மாடுகளுக்குப் பின்னால் எல்லோரும் குதிரையில் வரும்போது ஒருவர் மட்டும் தரையில் நடந்து வந்தால், ஒரு மாடு திரும்பினால் போதும். போன வருடம் ஒரு மாடு திரும்பியும் இருக்கிறது. வெர்ன் ஒரு பாறை மேல் ஏறித் தப்பினார்.

"மொத நாள் உச்சிலேர்ந்து கீழ வில்லோ ஊத்து வரைக்கும் எறங்காம வந்துட்டீங்கன்னா வாரம் முழுக்க எங்ககூட வாங்க. நடுவுல எறங்கினா, அன்னிக்கே வண்டிச் சாவி உங்க கைல. இத நான் ரெண்டாந்தடவ சொல்ல மாட்டேன்."

சாப்பாட்டு வண்டி ஓட்டுவது கேவலமான வேலை இல்லை. ஆனால் அதில் ஏறியவர்கள் யாரும் அப்புறம் குதிரைக்குத் திரும்பியதாக எங்கள் பக்கத்தில் கதை இல்லை. வெர்னுக்கும் அது தெரியும். க்ளெய் போன பிறகும் மரக்குதிரை மேலேயே இருந்தார். மூச்சை விட்டிருந்தார். வயிறு முன்மேட்டில் இடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு சேணம் குடு மேவிஸ்" என்றார்.

சேணத்தைக் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வது எங்கள் கடை வழக்கம். கட்டையில் உட்காருவது வேறு, மூச்சுவிடும் முதுகில் உட்காருவது வேறு. ஆனால் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வர வேண்டும். அதற்காக அங்கவடிகளுக்குக் கம்பளிக் காலுறை மாட்டிவிடுவோம். முதுகு என்று அவர் சொன்னதை நம்பி, அம்மா முதுகுக்கு ஏற்ற சேணமாக எடுத்துக் கொடுத்தாள். ஆழமான இருக்கை, உயர்ந்த பின்மேடு, முன்பக்கம் செங்குத்தாக ஏறும் சரிவு. ஆளை ஒரு கிண்ணத்துக்குள் வைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும். இந்த முறை காலுறை கொடுத்தது லொரெட்டா. சிவப்பில் வெள்ளை மான்கள் ஓடும் கிறிஸ்துமஸ் காலுறை.

பண்ணையில் அன்று முழுக்க அதுதான் பேச்சாம்.

"யோவ் டகெட், குதிரைக்கு குளிருதா?"

"குதிரைக்கு இல்லடா, அங்கவடிக்கு. சளி புடிச்சிருக்கு."

"அப்ப சேணத்துக்கு ஒரு மப்ளர் கட்டுய்யா!"

திங்கட்கிழமை சேணத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டையில் வைத்தார். காலுறையைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நல்ல சேணம். ரொம்ப நல்ல சேணம். நெறந்தான் புடிக்கல."

"எல்லா சேணமும் பழுப்புதான் வெர்ன்."

"அதான். அந்தப் பழுப்பு புடிக்கல."

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நாளைக்கு பர்டிய கூட்டிக்கிட்டு வா. பழைய சேணத்தயே போட்டுக்கிட்டு வா. அவ பொய் சொல்ல மாட்டா."

பர்டி அவருடைய சாம்பல் நிறப் பெண்குதிரை. மறுநாள் மதியம் கடைக்குப் பின்னால் இருக்கும் வெட்டவெளியில் வெர்ன் அவளை நன்றாக வேர்க்கும்வரை ஓட்டினார். இறங்கச் சொல்லிவிட்டு, அம்மா வயிற்றுவாரை அவிழ்த்துச் சேணத்தையும் கம்பளி விரிப்பையும் சேர்த்துத் தூக்கினாள். முதுகெல்லாம் ஈரம். பின்பக்கம், இடுப்புக்கு இருபுறமும், உள்ளங்கை அளவுக்கு மட்டும் காய்ந்து கிடந்தது. அதிகமாக அழுத்தும் இடத்தில் வேர்வை வராது. அம்மா அங்கே விரலை வைத்து லேசாக அழுத்தினாள். பர்டி முதுகைத் தாழ்த்திக்கொண்டு காதுகளைப் பின்னால் மடக்கினாள்.

வெர்னின் முகம் மாறிவிட்டது.

"நீ நடுவுல உக்கார்றதில்ல" என்றாள் அம்மா. "பின்மேட்டு மேல ஏறி உக்கார்ற. உன் மொத்த பாரமும் அவ இடுப்புல எறங்குது. எதுக்கு பின்னாடி போற?"

அவர் பர்டியின் கழுத்துப் பக்கம் போய் நின்றுகொண்டு பிடரி மயிரை விரலால் கோதினார். தன் உடம்பு என்றால் இன்னும் பத்து வருடம் முதுகு முதுகு என்றே ஓட்டியிருப்பார். பர்டியின் இடுப்பை மறுபடி ஒருமுறை தொட்டார். அவள் மறுபடி தாழ்ந்தாள்.

"முன்னாடி உக்காந்தா" என்றார், குதிரையின் கழுத்தைப் பார்த்து.

"உக்காந்தா?"

"கொஞ்ச நேரத்துல மரத்துப் போயிடுது மேவிஸ். காலு இல்ல. நடுவுல."

"பேசுதா?"

"அதான் பிரச்னையே. பேச்சே இல்ல. சுத்தமா வாய மூடிக்குது. எறங்கி நடந்தாத்தான் திரும்ப வருது."

நான் அருகில் இருந்த வேலிக்கம்பின் ஆணிகளைக் கவனமாகப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் ஊரில் ஒரு ஆண், ஒரு பெண்ணிடம், பட்டப்பகலில் இதைச் சொல்வதற்கு எவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் போய் வந்த தூரமெல்லாம் அதற்கு முன்னால் நிற்காது.

அம்மா சிரிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. "முன்பக்கம் ஏத்தமா இருக்கற சேணத்துல ஆம்பளைங்களுக்கு இது வரும். நான் குடுத்தேனே, அது இதவிட மோசமா இருந்திருக்கும். மொதல்லயே சொல்லியிருந்தா வேற குடுத்திருப்பேன். இதுக்குன்னே வந்து சேணம் மாத்திக்கிட்டுப் போனவங்க இங்க எத்தன பேருன்னு தெரியுமா?"

"யாரு?" வெர்ன் சட்டென்று திரும்பினார்.

"சொல்ல மாட்டேன். உன்னப் பத்தியும் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு. அப்பறம் சனிக்கிழமை மத்தியானம் வா. சாப்பிட்டுட்டு வா. வயிறு நெறைய."

டாக்டரிடம் லொரெட்டா இழுத்துக்கொண்டு போனார். நரம்பு நசுங்குகிறது, ஒன்று குதிரையை விட வேண்டும், இல்லையென்றால் சேணத்தை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னாராம். "மூணாவதா ஏதாவது இருக்கான்னு கேக்கறாரு இந்த மனுஷன்" என்று லொரெட்டா எங்களிடம் சொன்னார்.

சனிக்கிழமை அம்மா மூன்று சேணங்களை வரிசையாக வைத்தாள். மூன்றிலும் அளவு எண் அச்சடித்த இடத்தில் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. வானொலியில் பேஸ்பால் ஆட்டம் வைத்தாள்.

"உக்காந்ததும் நல்லா இருக்குன்னு சொல்ற சேணம் எனக்கு வேண்டாம். உக்காந்திருக்கோங்கறதயே மறந்து போற சேணம் எதுன்னு பாப்போம். ஆட்டத்த கேளு. நான் கணக்கு பாக்கறேன், என்ன பாக்காத."

முதல் சேணத்தில் கொஞ்ச நேரத்துக்குள் இடது பக்கம் சாய்ந்தார், வலது பக்கம் சாய்ந்தார். அம்மா தலையைத் தூக்காமலே, "அடுத்தது" என்றாள். இரண்டாவது பரவாயில்லை. ஆனால் தொடைகளுக்கு நடுவே அகலமாக இருந்து, கால்களை இருபுறமும் பிரித்து வைத்தது; இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். மூன்றாவது பார்க்க அழகில்லை. பூவேலை கிடையாது. முன்பக்கம் ஏற்றம் இல்லாமல் தாழ்ந்து, பள்ளம் சரியாக நடுவில் விழுந்திருந்தது. உட்கார்ந்தால் பாரம் முழுக்க உட்காரும் எலும்புகள் மேல் இறங்கும், வேறு எங்கேயும் இறங்காது.

அதன்மேல் ஏறினார், வழக்கம்போல மூச்சை இழுத்துக்கொண்டு. ஆட்டத்தில் நடுவர் ஏதோ தவறான தீர்ப்புச் சொன்னார்.

"குருட்டுப் பயலே!" என்று வானொலியைப் பார்த்துக் கத்தினார் வெர்ன். கத்தினால் மூச்சு வெளியேதான் போக வேண்டும். வயிறு தன் இடத்துக்கு வந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா எழுந்து போய், வயிற்றுக்கும் முன்மேட்டுக்கும் நடுவே கையை நிறுத்திப் பார்த்தாள். நாலு விரல் தாராளமாகப் போனது. பின்னால் ஒரு உள்ளங்கை இடம். காலை அங்கவடியிலிருந்து எடுத்துத் தொங்கவிடச் சொல்லி, அங்கவடியின் அடி கணுக்கால் எலும்புக்கு நேராக வரும்வரை வாரை இறக்கினாள். வெர்ன் இது எதையும் கவனிக்கவில்லை. நடுவரின் குடும்பத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இடையில் கடைக்கு வந்த வைக்கோல் வியாபாரி ஹோமர் அவரைச் சுற்றி ஒரு வட்டம் வந்தான். "மேவிஸ், இந்த பொம்ம சேணத்தோட சேத்தா, தனியா?"

"தனியா குடுத்தா எவன் வாங்குவான்?" என்றாள் அம்மா.

லொரெட்டா கொடுத்தனுப்பிய ரொட்டியைச் சேணத்தில் இருந்தபடியே சாப்பிட்டார். எங்கள் அணி தோற்றது. வானொலியில் பாட்டு ஆரம்பித்தது. வெர்ன் அதற்கும் இறங்கவில்லை. மழை வருமா, இந்த வருடம் கன்று எப்படி என்று ஹோமரிடம் பேசிக்கொண்டே இருந்தார். அம்மா வானொலியை அணைத்தாள்.

"எறங்கலயா?"

வெர்ன் குனிந்து பார்த்தார். தான் எதன்மேல் இருக்கிறோம் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது போல இருந்தது.

ஹோமர் போகும்வரை காத்திருந்து அம்மா டேப்பைப் பிரித்தாள். பதினாறரை.

"இது குண்டனுங்க நம்பரு" என்றார் வெர்ன்.

"இது உன் நம்பரு."

வெர்ன் அந்த எண்ணைக் கையால் மறைத்தார்.

"மேவிஸ், இத வெளிய சொல்லிடாத."

"எத? நம்பரயா, மத்ததயா?"

உண்மையாகவே யோசித்தார். "நம்பர" என்றார்.

அன்று சாயங்காலமே அதைப் பர்டியின் முதுகில் வைத்து, அவளுக்கும் பொருந்துகிறதா என்று பார்த்தோம். அவளுடைய இடுப்பு நோவு ஆறும்வரை வெர்ன் வேறு குதிரையில் வேலைக்குப் போனார். அக்டோபர் பிறந்ததும் மறுபடி வேர்க்க ஓட்டி, விரிப்பைத் தூக்கினோம். முதுகு முழுக்க ஒரே ஈரம், காய்ந்த இடம் எங்கேயும் இல்லை. அம்மா இடுப்பில் விரல் வைத்தபோது பர்டி காதைக்கூட அசைக்கவில்லை. பரிசுச் சேணத்தை லொரெட்டா கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கி வைத்தார்.

இனி மிச்சம் இருந்தது மலை.

சாப்பாட்டு வண்டிக்கு ஆள் வேண்டும் என்று க்ளெய் என்னைக் கேட்டான். வெர்ன் நடுவில் இறங்கினால் நான் பர்டி மேல், அவர் வண்டியில் என்று ஏற்பாடு. ஒரு வாரம் மலையில் குதிரை மேல் இருக்கும் ஆசை எனக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். வெர்னுக்கும் அது தெரிந்திருந்தது. புறப்படும்போது வண்டி ஜன்னலில் தட்டி, "பொண்ணே, சட்டிய கிளறிக்கிட்டே இரு. அடிபுடிச்சா எம்மேலதான் பழி வரும்" என்றார். "உங்க மேல எப்படி வரும்?" என்றேன். "எனக்குன்னு ஒதுக்கின வண்டியாச்சே இது."

குதிரைகளை லாரிகளில் ஏற்றி உச்சிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு இறங்குவார்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் சேணத்துக்குச் சோதனை. உடம்பு முன்னால் முன்னால் சரியும். முந்தின நாள் மழை பெய்திருந்தது. உச்சியில் வெறும் பாறை; அதற்குக் கீழே சரிவெல்லாம் செம்மண் சேறு. நான் பாதை சுற்றிக்கொண்டு வில்லோ ஊற்றுக்கு வந்து, அடுப்பை மூட்டி, மாட்டுக்கறிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

மதியம் தாண்டி முதலில் மாடுகள் வந்தன, கத்திக்கொண்டு, ஊற்றைப் பார்த்து ஓட்டமும் நடையுமாக. இருபுறமும் குதிரைக்காரர்கள். எல்லோரும் இறங்கினார்கள். இளைஞர்களே கால்களைக் கத்தரிக்கோல் மாதிரி விரித்து நடந்தார்கள். க்ளெய் இறங்கி இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து நிமிர்ந்தான். கடைசி ஆளாக வர வேண்டிய வெர்னைக் காணவில்லை.

"எங்க?" என்றேன்.

"ரெண்டு மாடு கன்னோட பின்தங்கிடுச்சு. அதுங்க பின்னாடி போனாரு."

"எறங்கினாரா?"

"பாற மடிப்புக்கு அப்பறம் நான் பாக்கல." சரிவின் செங்குத்தான பாதி அதற்குக் கீழேதான் இருக்கிறது. க்ளெய் கையை நீட்டினான். "சாவியக் குடு."

கொடுத்தேன். அவன் அதை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு மேலே பார்த்தபடி நின்றான். குழம்பு ஊற்றிய கிண்ணத்தைக்கூட வாங்கவில்லை. மற்றவர்கள் முதல் சட்டியைக் காலி செய்துவிட்டார்கள். ஜூனிபர் மரங்களுக்கு நடுவே ஒரு மாட்டின் குரல் கேட்டது. ஒரு மாடு வந்தது, பிறகு இன்னொன்று, பிறகு நொண்டுகிற ஒரு கன்று. அதற்குப் பின்னால் சாம்பல் நிறத் தலை. மரக்கிளைகள் மறைத்ததால் முதுகில் ஆள் இருக்கிறாரா, பக்கத்தில் நடந்து வருகிறாரா என்று தெரியவில்லை. கிளைகளைத் தாண்டியதும் தெரிந்தது, வெர்ன் நடுச்சேணத்தில் நேராக உட்கார்ந்திருந்தார்.

கன்றை ஊற்றுவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் பர்டியை எங்கள் பக்கம் திருப்பினார். க்ளெய் கிட்டப் போனான். பர்டியின் கழுத்தைத் தட்டிக்கொடுப்பது போல நின்று, கொஞ்சம் குனிந்து, அங்கவடியில் இருந்த பூட்ஸின் அடியைப் பார்த்தான். அந்தப் பக்கம் போய் மற்றதையும் பார்த்தான். நாங்கள் எல்லோரும் கணுக்கால்வரை செம்மண்ணாக நின்றுகொண்டிருந்தோம். அந்த இரண்டு அடிகளும் காய்ந்த தோலாக, சுத்தமாக இருந்தன.

சாவியை என் கையில் திருப்பி வைத்தான்.

"எறங்கி சாப்பிடுங்க மாமா."

"அவசரமில்ல. இங்க குடு" என்றார் வெர்ன்.

நான் கிண்ணத்தை மேலே நீட்டினேன். அவர் கடிவாளத்தைப் பர்டியின் கழுத்தில் தளரப் போட்டுவிட்டு, வலது காலை மெதுவாகத் தூக்கிச் சேணத்தின் கொம்பைச் சுற்றி மடித்துப் போட்டுக்கொண்டார். அந்த முழங்காலின் மேல் கிண்ணத்தை வைத்து, சாப்பிட ஆரம்பித்தார்.